வாய் படாத பிள்ளை

மழைக்காலம் வந்துவிட்டால் மெத்தைப் பட்டறையில் யாருக்கும் நல்ல பேச்சு வராது. பஞ்சு ஈரத்தைக் குடித்துக் கனத்துக் கிடக்கும். மிஷினில் போட்டால் பிரியாமல் கட்டி கட்டியாக வந்து விழும். ஈரக்காற்று வரக் கூடாதென்று முதலாளி கதவு ஜன்னலையெல்லாம் அடைக்கச் சொல்லுவார். அடைத்த பிறகு உள்ளே பறக்கிற தூசிக்குப் போக்கிடம் ஏது? ஆட்களின் நெஞ்சுக்குள்தான் போகும். அதனால் அங்கே எல்லோரும் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டியிருப்பார்கள். சாப்பாட்டு வேளையில் துணியை இறக்கினால் புருவம் வரைக்கும் நரைத்த கிழமும், மூக்குக்குக் கீழே சின்ன வயசுமாக ஒரே ஆளுக்கு இரண்டு முகம் இருக்கும்.

மெத்தைக்காரி முடிச்சுப் போடுகிறவள். முழங்கை நீள ஊசியை மெத்தையின் மேலிருந்து கீழே இறக்குவாள். எதிர்ப்பக்கம் குனிந்திருக்கும் நெட்டச்சி அதைப் பிடித்து ஒரு விரல் தள்ளித் திருப்பி மேலே அனுப்புவாள். நூலை இழுத்து, முட்டியால் மெத்தையை அமுக்கி, இறுக்கி முடிச்சுப் போட வேண்டும். இல்லாவிட்டால் நாலு மாதத்தில் பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அவள் புருஷன் அதே பட்டறையில் பஞ்சடிக்கிற மிஷினை ஓட்டுகிறான். மிஷின்காரன் என்றுதான் அவனுக்குப் பேர்.

அன்றைக்கு மத்தியானம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே நெட்டச்சி ஆரம்பித்தாள்.

"ஏன்டி, துணியக் கழட்டிட்டுத் திங்கப் போறியா, துணியோட முழுங்கப் போறியா?"

"கழட்டுறேன், இரு."

"வீட்டுலயும் கட்டிட்டுத்தான் திரியிறியாம். உன் நாத்தனா தண்ணிக் குழாய்கிட்ட சொல்லிட்டிருந்தா. உன் மூஞ்சிய அந்தாளு எப்பத்தான் பாக்குறது?"

"பார்த்த வரைக்கும் போதும்."

நெட்டச்சி சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த ரொட்டி தெறித்தது. சிரிப்பு அடங்கியதும் குரலை இறக்கினாள்.

"பாப்பா பேசுதா?"

"பேசுவா."

"எப்போ, பல்லு கொட்டின பிறகா? கோவிச்சுக்காத. என் சின்னது இந்த வயசுல என்னையே வாடி போடிங்கும். கூப்பிட்டாத் திரும்பிப் பாக்குறாளா?"

"தட்டு விழுந்தாப் பாக்குறா."

"தட்டு விழுந்தா ஆடு மாடு கூடத்தான் பாக்கும். பேரச் சொல்லிக் கூப்பிட்டா?"

மெத்தைக்காரி ரொட்டியை அப்படியே சுற்றி வைத்துவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போனாள்.

பாப்பாவுக்கு இரண்டு வயசு நெருங்குகிறது. நடக்கிறாள். கொடுத்ததைத் தின்கிறாள். சத்தமாக அழுவாள், சிரிக்கும்போது மட்டும் சத்தமே வராது. அம்மா இல்லை, ஆ இல்லை, எதுவுமே இல்லை.

அவள் வயிற்றில் இருந்தபோதுதான் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து மெத்தைக்காரிக்கு எச்.ஐ.வி. என்றார்கள். அடுத்த வாரம் மிஷின்காரனுக்கும் அதையே சொன்னார்கள். அவன் எங்கிருந்து கொண்டுவந்தான் என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் அவனோடு ஒரே அறையில் எப்படிப் படுப்பது? அன்றிலிருந்து இரண்டு பேரும் மாத்திரை தின்கிறார்கள். கேட்டால் பட்டறைத் தூசிக்கு என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு வராமல் இருக்க என்னென்ன செய்யச் சொன்னார்களோ அத்தனையும் அவள் செய்தாள். பிறந்ததும் சொட்டு மருந்து கொடுத்தாள், சொன்ன தேதியிலெல்லாம் போய் ரத்தம் கொடுத்தாள். ஒன்றரை வயசில் கடைசிப் பரிசோதனையில் நெகட்டிவ் என்று வந்துவிட்டது. மிஷின்காரன் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். தமிழில் அதற்கு என்ன என்று அவனுக்குத் தெரியாது. முடிந்துவிட்டது என்பதுதான் அவனுக்கு அதன் அர்த்தம்.

ஆனால் பிள்ளை பெற்று வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு ஒரு நர்ஸ் வேறொன்றும் சொல்லியிருந்தாள். பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். மருந்து, பால், ஊசி, தேதி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுக் கடைசியில் சொன்னாள்: "வாய் வைக்கிற வேலையே கூடாது. உன் வாய் பட்டது எதுவும் பிள்ளைகிட்டப் போகக் கூடாது. புரிஞ்சுதா?"

சோறு ஊட்டும் வயசு வரும்போது மென்று ஊட்டாதே என்பதைத்தான் அந்த நர்ஸ் சொன்னாள். மென்று என்ற வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. மெத்தைக்காரி புரிந்தது என்று தலையாட்டினாள். திருப்பிக் கேட்டிருக்கலாமே என்பவர்கள், உன் வியாதி என்ன என்று ஊருக்கே கேட்கிற மாதிரி நர்ஸ் கத்துகிற அந்த வரிசையில் ஒருநாள் கைப்பிள்ளையோடு நின்று பார்க்க வேண்டும். அங்கே நிற்கிறவளுக்கு ஒரே கேள்விதான் தோன்றும்: வெளியே எப்போது விடுவார்கள்?

வீட்டுக்கு வந்து யோசித்தாள். வாய் பட்டது எதுவும் என்றால் என்னென்ன? எச்சில், முத்தம், மூச்சு. பேசும்போது தெறிக்கிறதே, அது? பேச்சே வாயிலிருந்துதானே வருகிறது? அன்றைக்கே பட்டறைத் துணியை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

தான் மட்டும் கட்டினால் கேள்வி வரும். வீட்டில் நாத்தனார் இருந்தாள். மிஷின்காரனின் அக்கா. புருஷன் விட்டுவிட்டுப் போனபின் ஒரு தகரப் பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவள். அவளுக்குப் பிறந்த ஒரே பிள்ளை நெஞ்சுச் சளியில் போய்விட்டது. பகலெல்லாம் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளப் போகிறவளும் அவள்தான். மெத்தைக்காரி அவளிடம் சொன்னாள்: "பாப்பாவுக்கு நெஞ்சு பலமில்லையாம் அண்ணி. எங்க உடம்புல வர்ற தூசியே ஆகாதாம். யாரா இருந்தாலும் துணி கட்டிட்டுத்தான் தூக்கணுமாம். வாயத் தொறந்து மூச்சு விடக் கூடாதாம். உங்க பிள்ளை மாதிரி ஆகிடக் கூடாதுல்ல."

கடைசி வரியைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் சொன்னால் மறுபேச்சு இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாத்தனார் வைத்ததுதான் சட்டம். எழுந்ததும் துணியைக் கட்டினால் பிள்ளை தூங்கும் வரை அவிழ்க்க மாட்டாள். பேசினால் துணி நனையும், நனைந்தால் தூசி ஊறி இறங்கும் என்று அவளாகவே கண்டுபிடித்து, பிள்ளை பக்கத்தில் பேசுவதையே நிறுத்திவிட்டாள். கைதட்டிக் கூப்பிடுவாள். விரலைக் காட்டி அதட்டுவாள். தம்பி துணி இல்லாமல் உள்ளே வந்தால் கரண்டியைத் தூக்கி எறிவாள். அக்கம்பக்கத்தார் யாரையும் பிள்ளையைத் தொட விட்டதில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது நாத்தனார் பூண்டு மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊறுகாய் கம்பெனிக்கு உரித்துக் கொடுக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து உரித்த பல்லைச் சட்டியிலும் தோலை முறத்திலும் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தப்பே இல்லை. நாத்தனார் இரண்டு தரம் கை தட்டினாள். பிள்ளை எழுந்துபோய்த் தண்ணீர்ச் செம்பை எடுத்துவந்தது.

"பார்த்தியா? எல்லாம் தெரியுது, மகராசிக்குப் பேசத்தான் மனசில்ல" என்றாள் நாத்தனார், தள்ளிப்போய் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு.

கஞ்சி குடிக்கும்போது மெத்தைக்காரி புருஷனிடம் மெதுவாகச் சொன்னாள். "நாளைக்கு லீவு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"எதுக்கு?"

"பிள்ளைங்க மூளை எப்படி வளருதுன்னு பாக்குற டாக்டரம்மா வருதாம். கடைசியா ரத்தம் எடுத்தப்பவே தேதி போட்டுக் கொடுத்தாங்க."

"நமக்கு மாத்திரை தர்ற அந்தக் கடைசி ரூமுக்கா? அதான் நெகட்டிவ்னு சொல்லிட்டாங்கல்ல. இல்லாத வியாதிக்கு எதுக்குப் போய் நிக்கிற? யாராவது பார்த்தா?"

"பேசலையேங்க."

"பேசாம இருந்தா நல்லதுதான். பொம்பளைப் பிள்ளை. நாலு வார்த்தை குறைஞ்சா குடியா முழுகிடும்?"

"உங்களுக்கு எல்லாமே குறைஞ்சாத்தான் நிம்மதி." குரல் உயர்ந்துவிட்டதை உணர்ந்து கஞ்சியை வாயில் ஊற்றிக்கொண்டாள். அடுத்த அறையில் நாத்தனார் பாத்திரம் உருட்டும் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி தொடர்ந்தது.

மறுநாள் மழை விடவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரம் முழுக்கக் குடைகள் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தன. கடைசி ரூமில் டாக்டரம்மா தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். சின்ன வயசுதான். ஒரு கிண்ணம், சில மரக்கட்டை, ஒரு மணி, ஒரு துணிப்பொம்மை, அவ்வளவுதான் மருத்துவம்.

பாப்பா கட்டைகளைக் கிண்ணத்தில் போட்டாள். நிறம் பிரித்தும் அடுக்கினாள். முதுகுக்குப் பின்னால் மணி அடித்ததும் திரும்பினாள். பேர் சொல்லிக் கூப்பிட்டபோது திரும்பவில்லை.

"பொம்மையோட மூக்கு எங்க? காட்டு பார்க்கலாம். மூக்கு?"

பாப்பா பொம்மையைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்தாள். எழுந்து, பாயில் இரண்டு அடி வைத்து, அவள் வாய்க்குள் விரலை விட்டாள். பல்லைத் தடவினாள். நாக்கைப் பிடிக்கப் பார்த்தாள். டாக்டரம்மா சிரித்தபோது விரல் நடுவே சிரிப்பு அசைவதைக் கண்டு திகைத்துக் கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி விட்டாள்.

டாக்டரம்மாவின் சிரிப்பு மெல்ல நின்றது.

"வீட்டுல யார் யாரும்மா இருக்கீங்க?"

சொன்னாள்.

"பகல்ல யாரு பார்த்துக்குறது?"

"நாத்தனார்."

"அவங்க பாப்பாகிட்டப் பேசுவாங்களா?"

"பேச மாட்டாங்க. துணி கட்டியிருப்பாங்க."

"எதுக்குத் துணி?"

மெத்தைக்காரி தன் முகத்தில் கட்டியிருந்த துணியின் மேல் கைவைத்து, தனக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னாள். வாய் பட்டது எதுவும் போகக் கூடாது என்று. நாங்கள் போக விடவில்லை என்று. அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது.

டாக்டரம்மா கொஞ்ச நேரம் மரக்கட்டையை உருட்டிக்கொண்டிருந்தாள். "ஒரு முத்தங்கூடவா கொடுக்கல?"

"இல்ல. துணி மேல ஒருவாட்டி. அப்புறம் பயந்துபோய் நெத்தியத் துடைச்சிட்டேன்."

"அம்மா, அது முத்தத்துல வராது. மூச்சுல வராது, பேச்சுல வராது. மென்னு ஊட்டாதேன்னு சொல்லியிருப்பாங்க. அவ்வளவுதான். துணியை இறக்குங்க."

"இங்கேயா?"

"இங்கேயேதான்."

இறக்கினாள். பாப்பா அந்த வாயைப் பார்த்தாள். மூக்குக்கு மேலே தெரிந்த முகம், கீழே தெரியாத முகம். முகம் கோணிக்கொண்டு டாக்டரம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

மெத்தைக்காரி அழவில்லை. நேராக உட்கார்ந்து கேட்டாள். "டாக்டரம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இவ பேசாதது என் ரத்தத்தாலயா, என் துணியாலயா?"

டாக்டரம்மா உடனே பதில் சொல்லாததை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். அவசரமாக ஆறுதல் சொல்கிறவர்கள் நிறையப் பேர். அவள் யோசித்துச் சொன்னாள்.

"இவளுக்குக் கிருமி வரல. ஆனா இவ வயித்துல வளர்றப்ப உங்க உடம்பு கிருமியோட சண்டை போட்டுட்டிருந்துச்சு, மருந்தும் ஓடிட்டிருந்துச்சு. அதுக்கு நடுவுல உருவான மூளை. இப்படிப் பிறந்த பிள்ளைங்கள்ல நிறையப் பேர் நல்லாவே வளர்றாங்க. சிலருக்குப் பேச்சு பிந்துது. ஏன்னு இன்னும் முழுசாத் தெரியல. இன்னொரு பக்கம், பிள்ளைங்க பேச்சக் காதால மட்டும் கத்துக்குறதில்ல, வாயப் பார்த்தும் கத்துக்குறாங்க. யாராவது அவங்களப் பார்த்துப் பேசிட்டே இருக்கணும். இவளுக்கு ரெண்டுமே கிடைக்கல. எது எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது."

"நீங்களே படிச்சிட்டு முடியாதுன்னா?"

"முடியாதும்மா. பொய் சொல்ல எனக்கு விருப்பமில்ல. ரத்தத்த மாத்த முடியாது. துணிய அவுக்கலாம். அதுவும் இப்பவே. மூளை இந்த வேகத்துல வளர்ற வயசு திரும்ப வராது. பகல்ல பாக்குறவங்கதான் முக்கியம். அவங்க முகத்தத் தொறந்து இவளோட பேசணும், நாள் முழுக்க. என்ன பேசினாலும் சரி. அடுத்த வாரம் அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

பஸ்ஸில் அவள் துணி கட்டாமல் உட்கார்ந்திருந்தாள். மடியிலிருந்த பாப்பா ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள்.

வழி நெடுக ஒரு பொய் தயார் செய்தாள். பொய் அவளுக்குப் பழகிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் சிரித்த முகமாகச் சொன்னாள்: "அண்ணி, பாப்பாவுக்கு நெஞ்சு சரியாயிடுச்சாம். இனி துணி வேண்டாமாம். கழட்டிடுங்க."

நாத்தனார் அவள் திறந்த முகத்தைப் பார்த்தாள். ஒரே எட்டில் வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு அறை மூலைக்குப் போனாள்.

"கட்டுடி முதல்ல!"

"டாக்டரே சொல்லிட்டாங்க அண்ணி."

"என் பிள்ளைக்கும்தான் சொன்னாங்க. நெஞ்சு தெளிவாயிடுச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு. கூட்டிட்டு வந்தேன். எத்தன நாள் இருந்துச்சு? டாக்டர் வந்தா புதைச்சான்? நான்ல புதைச்சேன். மழைக்காலத்துல வந்து துணியக் கழட்டுங்கிறா. நீ பெத்துப் போட்டுட்டு மெத்தை தைக்கப் போயிட்ட. மூச்சப் பிடிச்சு வளர்த்தவ நான். நான் கழட்ட மாட்டேன். என்னைக்குமே மாட்டேன்."

மிஷின்காரன் வேலையிலிருந்து வந்து வாசலில் நின்றான். துணி கட்டியிருந்தான். "அக்கா சொல்றதுதான் சரி. கட்டிட்டுப் போயேன். என்ன இப்போ?" என்றான்.

இரண்டு பேரும் துணிக்கு மேலே கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு நின்றார்கள். மூலையில் நாத்தனாரின் தோளுக்கு மேலே பாப்பாவின் கண். அந்த வீட்டில் அந்த நேரத்தில் வாய் இருந்தது ஒருத்திக்குத்தான்.

"நெஞ்சும் இல்ல, தூசியும் இல்ல" என்றாள் மெத்தைக்காரி.

"ஏய்" என்றான் மிஷின்காரன்.

"எனக்கு எச்.ஐ.வி. அண்ணி. உங்க தம்பிக்கும். பாப்பாவுக்கு இல்ல. எங்கிட்டருந்து ஒட்டிக்குமோன்னு பயந்து கட்டினேன். நீங்க கேட்பீங்கன்னு உங்களையும் கட்ட வச்சேன். அது பேச்சுல ஒட்டாதாம். இன்னைக்குத்தான் தெரியும்."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள்.

"உண்மையாடா?"

அவன் துணியை இறக்கவில்லை. தரையில் சிதறிக் கிடந்த பூண்டுத் தோலைப் பார்த்தான்.

"எங்கடா போன? எவகிட்டடா போன? சொல்றா நாயே!" முறத்தைத் தூக்கி அவன்மேல் எறிந்தாள். அவன் அப்படியே திரும்பி மழையில் இறங்கிப் போய்விட்டான். அவனுக்கு எப்போதும் கதவு பக்கத்திலேயே இருக்கும்.

அப்புறம்தான் அவள் மெத்தைக்காரி பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது.

"வியாதிய மறைச்ச. சரி. நானும் மறைச்சிருப்பேன். என் செத்த பிள்ளைய எதுக்குடி இழுத்த?"

மெத்தைக்காரி கவிழ்ந்து கிடந்த முறத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"அவன் பேரச் சொல்லித்தான என் வாயக் கட்டின? ஒவ்வொருவாட்டி இவளத் தூக்குறப்பவும் அவன் மூச்சிரைக்கிறது காதுல கேக்கும்டி எனக்கு. ஒரு தாலாட்டு பாடல. ஒரு கொஞ்சல் கொஞ்சல. தொண்டைக்குழி வரைக்கும் வரும், முழுங்கிக்குவேன். இவளாவது பிழைக்கட்டும்னு. அத்தனையும் பொய்யி!"

"அண்ணி..."

"அப்படிக் கூப்பிடாத. என் பெட்டி எங்க இருக்கு?"

பெட்டியை எடுத்து நடு அறையில் வைத்தாள். இரண்டு புடவையை மடித்து உள்ளே போட்டாள். தன் தட்டையும் டம்ளரையும் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தனியாக வைத்தாள். அதற்குமேல் எதையும் எடுக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மெத்தைக்காரி பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கணக்குப் போட்டாள். இவள் போய்விட்டால் பட்டறைக்குப் போக முடியாது. பட்டறைக்குப் பிள்ளையைத் தூக்கிப்போக முடியாது, அங்கே எல்லா வாயும் கட்டித்தான் இருக்கும். வீட்டில் இருந்தால் சோறு இல்லை. இருட்டில் பிள்ளையின் காதருகே போய் முதல்தடவையாக வாயைத் திறந்து ஏதாவது சொல்லப் பார்த்தாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. பழக்கமில்லை. பாப்பா, பாப்பா என்று சொன்னாள். பிள்ளை தூக்கத்தில் காதைத் தேய்த்துக்கொண்டது.

காலையில் கண் விழித்தபோது பக்கத்தில் பிள்ளை இல்லை. பெட்டி நடு அறையில் திறந்தபடியே கிடந்தது. சமையல் பக்கமிருந்து குரல் கேட்டது. நாத்தனாரின் குரல். அது இவ்வளவு கனமான குரல் என்பதே மெத்தைக்காரிக்கு மறந்துபோயிருந்தது.

கதவோரம் நின்று பார்த்தாள்.

நாத்தனார் பூண்டு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் துணி இல்லை. மூக்குக்குக் கீழே வெயில் படாத தோல் வெளுத்து, உதட்டோரம் துணி அறுத்த தழும்பு இருந்தது. பாப்பாவை முட்டியின் மேல் தனக்கு நேராக உட்கார வைத்து, இரண்டு கையாலும் தாடையைப் பிடித்திருந்தாள். பேசிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், இத்தனை நாள் முழுங்கினதையெல்லாம் வெளியே கொட்டுகிற மாதிரி.

"...உங்கப்பன் ஒரு ஊர் மேயற கழுதை. தெரியுதா? உங்கம்மா இருக்காளே, உங்கம்மா, அவ பாவி. பெரும்பாவி. செத்த பிள்ளைய வச்சு என்னை ஏமாத்தின பாவி. நான் எதுக்கு இங்க இருக்கேன்? உனக்காக. அவ மூஞ்சில முழிக்கவா இருக்கேன்? பாவி. சொல்லு. பாவி..."

பிள்ளை அழவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்த மாதிரியே அந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை எழுந்து நாத்தனாரின் கீழுதட்டைப் பிடித்துக்கொண்டது. நாத்தனார் அந்த விரலோடு சேர்த்தே திட்டினாள்.

"பாவி. அவ ஒரு பாவி."

பாப்பாவின் உதடு இரண்டும் ஒட்டின. ஒட்டி, அமுங்கி, ஒரு சின்னக் காற்றோடு பிரிந்தன.

"ப்பா."

நாத்தனார் நிறுத்திவிட்டாள். நிமிர்ந்தபோது கதவோரம் நின்றவளைப் பார்த்தாள். முகம் இறுகியது. பிள்ளையை இறக்கிவிட்டுப் பூண்டு சட்டியை முன்னால் இழுத்துக்கொண்டாள். அறை மறுபடியும் சத்தமில்லாமல் ஆகப்போனது.

மெத்தைக்காரி ஓடிவந்து பூண்டுத் தோலின் மேல் மண்டியிட்டாள்.

"நிறுத்தாதீங்க அண்ணி. அவ உங்க வாயத்தான் பாக்குறா. இன்னொருவாட்டி சொல்லுங்க."

நாத்தனார் அவளைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கி முட்டியில் வைத்து முகத்துக்கு நேராகத் திருப்பினாள். சொன்னாள்.